கிண்ணத்தை ஆட்டும்வரை

கதவைத் தள்ளுமுன் கதவின் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார் ஷம்ஸா. அவருடைய வலதுகைக் கட்டைவிரல் கண்ணை முந்திக்கொண்டு ஓடும். தேநீர்க் கோப்பையின் விளிம்பு, ரொட்டிக் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வாங்கிய வண்டியின் கதவு, எதையும் அந்த விரல் விசாரிக்காமல் விடுவதில்லை. போன மாதம் ஒரு நிக்காஹ் வீட்டில் ஹல்வாத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். தட்டைச் சுற்றி விரலை ஓட்டி, "இங்க ஒரு பிசிறு இருக்கு, கவனம்" என்று பெண்ணின் தாயிடம் சொல்லிவிட்டுத்தான் ஹல்வாவை எடுத்தார். அந்த அம்மாள் தன் பெண்ணைத்தான் ஏதோ குறை சொல்கிறார் என்று நினைத்து முகம் கறுத்துப்போனாள்.

தொழில், பல் செட்டுக் கட்டுவது. அரபுக் கடற்கரையிலுள்ள சூர் நகரத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் ஷம்ஸாவின் கைவேலையால்தான் இறைச்சி மெல்லுகிறார்கள். அச்சிலிருந்து எடுத்த செட்டை உப்புத்தாளால் தேய்த்து, தடவி, மறுபடி தேய்த்து, வாய்க்குள் போனதே தெரியாத பதத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். "நாக்கு பொல்லாத ஆபீசர். தலைமுடி மேடு இருந்தாலும் புகார் எழுதிரும்" என்பார். மதியத் தொழுகை முடிந்து வெள்ளை அங்கியைக் கழற்றும்போது அதே உப்புத்தாளில் இரண்டு துண்டு கைப்பைக்குள் போகும். "கடலும் அதே மாதிரி ஆபீசர்தான்."

கடல் என்றால் உள்கடல். ஊருக்கும் ஐஜா கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே வாய் திறந்து கிடக்கும் காயல். பின்மதியத்தில் கடற்காற்று தொங்குபாலத்தின் கம்பிகளை மீட்ட ஆரம்பித்ததும் ஷம்ஸாவின் நடை மாறிவிடும். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கணவன் எண்ணெய்க் கப்பலில். ஆனால் அந்த நேரத்தில் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் நடை. தலையை இறுக்கும் கறுப்பு நீச்சல் முக்காடு, முழங்கைவரை ரப்பர் உடை, மேலே மிதவைச் சட்டை. படகைத் தள்ளிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவார்.

அந்தப் படகு ஒரு ஆள் படகு. அகலம் நம் வீட்டு மாவு பிசையும் பலகை அளவு என்றாலும் பொய்யில்லை. அதன் அடியில் கத்தி போல இரண்டு நீர்ச்சிறகுகள். காற்று பாயைத் தள்ள, வேகம் ஏற, சிறகுகள் தண்ணீரை மிதித்துக்கொண்டு எழும்பும். படகின் உடல் முழுவதும் அந்தரத்தில். தண்ணீரில் இருப்பது சிறகு மட்டும். முன்மூக்கில் தொங்கும் ஒரு மெல்லிய குச்சி தண்ணீரைத் தடவிப் பார்த்து, எவ்வளவு உயரம் பறக்கலாம் என்று சிறகுக்குச் சொல்லிக்கொண்டே வரும். அதற்கு மீசை என்று பெயர். ஷம்ஸாவின் கட்டைவிரலும் அந்த மீசையும் ஒரே சாதி.

முதன்முதலில் அந்தப் படகு பறந்தபோது வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "ஏ, கோலா மீன்டா!" என்று ஒருவர் கத்தினார். அன்றிலிருந்து பெயர் கோலா. இறக்கை விரித்துத் தண்ணீருக்கு மேல் பாயும் கோலாவைப் பார்த்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஊரை விட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கிய பழைய படகு அது. தனியாகவே ஒரு வருடம் பறந்தார் ஷம்ஸா. ஒரு நாள் கரைக்கு வந்து பாயை இறக்கிவிட்டுச் சொன்னாராம்: "ஒத்தையில ஓடினா நாந்தான் முதல், நாந்தான் கடைசி. இதுக்குப் பேரு பந்தயமில்ல, பைத்தியம்."

அதன் பிறகு ஆள் பிடிக்க ஆரம்பித்தார். விதை நெல்லுக்கு வீடு வீடாகப் போகிறவனைப் போல வெட்கம் பார்க்காமல் பிடித்தார். பொறியியல் கல்லூரியில் படிக்கும் ரய்யா, ரீம் என்ற இரட்டைச் சகோதரிகள் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழேயிருந்து கத்தினார்: "படம் பிடிச்சது போதும், பாயைப் பிடிக்க வாங்க!" பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பக்கீத், பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸைப் பாலத்தோரம் நிறுத்தி வேடிக்கை பார்ப்பான். ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளேயே ஏறிவிட்டார்.

"எத்தன நாள் பார்ப்ப?"

"அக்கா, என் உடம்பைப் பாருங்க. நான் ஏறினா கோலா இல்ல, திமிங்கலம்."

"திமிங்கலமும் எகிறும். இறங்கு."

பக்கீத் இறங்கினான். மூன்று மாதம் தண்ணீர் குடித்தான். பிறகு ஒரு நாள் தன் சிறகைக் கண்ணாடிபோல மின்ன வைத்துக் கொண்டுவந்தான். பஸ்ஸுக்கு அடிக்கும் மெழுகு பாலிஷை மூன்று கை பூசி, பனியன் துணியால் துடைத்திருந்தான். "முகம் தெரியுது பாருங்கக்கா, இனி வழுக்கிக்கிட்டு ஓடும்!" ஷம்ஸா கட்டைவிரலை வைத்தார். முகம் பல்வலிக்காரனின் முகம் மாதிரி ஆயிற்று. "தண்ணி சிறகோட ஒட்டிக்கிட்டு ஓடணும்டா தம்பி. நீ இப்படி மெழுகினா தண்ணி முத்து முத்தா ஒதுங்கிப் போயிரும். சிறகு மாப்பிள்ளை இல்ல, சிங்காரிக்கிறதுக்கு." அன்று மாலை முழுக்க இருவரும் உட்கார்ந்து அந்த மெழுகை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார்கள். பக்கீத் ஒவ்வொரு தேய்ப்புக்கும் "யா அல்லாஹ், என் பாலிஷ்" என்றான்.

நான்காவதாக வந்தவன் அஸ்ஸான். ஷம்ஸாவின் கணவருடைய தம்பி. மீன் சந்தையில் ஐஸ் கடை வைத்திருக்கிறான். மதினி கடலில் தலைகுப்புற விழுவதைப் பார்த்துச் சிரிக்க வந்தவன், சிரித்து முடிப்பதற்குள் படகு வாங்கிவிட்டான். சிறு வயதிலிருந்தே அந்தக் காயலில் வலை வீசியவன். காற்று நன்றாக அடிக்கும் நாளில் ஷம்ஸா ஜெயிப்பார். காற்று மெலிந்த நாளில், மற்றவர்களெல்லாம் வாத்துபோல மிதந்துகொண்டிருக்க, அஸ்ஸான் மட்டும் எங்கேயோ ஒதுங்கிப்போய் எங்கிருந்தோ எழும்பி வருவான். எப்படி என்று யாருக்கும் தெரியாது. சொல்லவும் மாட்டான்.

ஷம்ஸா வகுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். கடலில் பாயை மடித்ததும் கரையில் பாயை விரிக்க வேண்டும். அந்தப் பாயில் அன்று ஜெயித்தவர் நடுவில் உட்கார்ந்து, ஜெயித்த வழியைத் தோற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். மீசையைப் பிடித்திருக்கும் ரப்பரை எவ்வளவு இறுக்கினார், எங்கே திரும்பினார், எந்த இடத்தில் பயந்தார், ஒன்று விடாமல். அவர் கையில் சின்னக் கிண்ணத்தைக் கொடுத்து ஷம்ஸா கஹ்வா என்ற அரபுக் காப்பியை ஊற்றுவார். குடிக்கக் குடிக்க ஊற்றுவது அந்த ஊர் மரியாதை. போதும் என்றால் வாயால் சொல்வதில்லை, காலிக் கிண்ணத்தை இரண்டு ஆட்டு ஆட்டிக் கொடுப்பார்கள். கோலாக் கூட்டத்தில் மட்டும் அதற்கு இன்னொரு பொருள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர்தான் கிண்ணத்தை ஆட்டலாம்.

ஷம்ஸா ஜெயித்த நாட்களில் பேரீச்சம்பழத் தட்டு காலியாகிவிடும், பேச்சு காலியாகாது. "அக்கா, போதும், ஆட்டுங்க" என்று ரீம் கெஞ்சுவாள். அஸ்ஸான் ஜெயித்த நாட்களில் ஒரே மிடறு. உடனே கிண்ணத்தை ஆட்டிவிடுவான்.

"சொல்லு கொழுந்தனாரே. எப்படி எழும்பின?"

"கடலைக் கேளுங்க மதினி."

"கடல் பேசினா உன்னை எதுக்குக் கேக்கறேன்?"

"ஐஸ்காரன் எல்லாத்தையும் உருக விடக் கூடாது மதினி. வியாபாரம் போயிரும்."

ஷம்ஸா வற்புறுத்த மாட்டார். கிண்ணத்தை வாங்கி, விளிம்பில் விரலை ஓட்டிவிட்டுக் கழுவி வைப்பார். அடுத்த வாரம் மறுபடி கேட்பார். அடுத்த வாரமும் அவன் ஆட்டுவான். இரண்டு வருடமாக ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்கும் பொறுமை, பல் செட்டுக் கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் வரும் போலிருக்கிறது.

இந்த வருடம் அவருக்கு ஒரு கெடு வந்தது. படகுக் கொட்டகையின் கடைசிப் பகுதியில்தான் ஐந்து கோலாக்களும் அடைந்து கிடக்கின்றன. ஒரு கோலாவின் சிறகு இன்னொன்றின் பாய்மரத்தில் உரசாத நாளில்லை. அந்த இடத்தையும் தண்ணீர் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற ஒருவர் கேட்டுவிட்டார். பந்தயச் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசி ஷம்ஸாவிடம் முடிவைச் சொன்னார்கள். வருடாந்திரப் பந்தயத்தில் ஏதாவது ஒரு ஓட்டத்தில் ஐந்து கோலாக்களும் ஓட்டத்தை முடித்துக் காட்டினால், அது தனி வகுப்பு. தனிக் கொடி, தனிப் புறப்பாடு, கொட்டகையில் நிரந்தர இடம். முடிக்காவிட்டால் அது நாலைந்து பேரின் பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குக் கொட்டகை கிடையாது.

கேட்பதற்கு எளிது. ஆனால் ஐந்தும் சேர்ந்து முடித்த நாள் அதுவரை ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் பாசி சிக்கும், ஒரு நாள் மீசை ஒடியும், ஒரு நாள் ரய்யாவுக்குத் தேர்வு. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் பக்கீத் கடைசி மிதவையைத் திரும்புவதற்குள் நேரம் முடிந்துபோகும்.

அந்த நேரக் கணக்கைக் காப்பவர் ஹுமைத் மாமா. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். விதியைக் கரைத்துக் குடித்தவர். முடிவுக் கோட்டில் நங்கூரமிட்ட படகில், மடியில் ஊதுகுழலும் கையில் ஒலிபெருக்கியுமாக உட்கார்ந்திருப்பார். முதல் படகு கோட்டைத் தாண்டியதும் கடிகாரத்தைத் தட்டுவார். அதிலிருந்து கால் மணி நேரத்துக்குள் வராத படகு, வராத படகுதான். அதுபோக, சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு கேட்டால் கொடி இறங்கிவிடும். "நான் பாங்குக்காகக் காத்திருக்கலாம். பாங்கு எனக்காகக் காத்திருக்காது" என்பார்.

பந்தய நாளில் முதலில் ஓடிய ஓட்டங்களில் ஒன்றில் ரீமின் மீசை ஒடிந்தது. இன்னொன்றில் பக்கீத்தின் சிறகில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு சிக்கியது. மிச்சமிருந்தது கடைசி ஓட்டம். ஷம்ஸாவும் அஸ்ஸானும் புள்ளியில் சமம். இதில் முந்துகிறவருக்குத்தான் கோப்பை. "சந்தை முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன் மதினி. இன்னிக்குக் கோப்பையில ஐஸ் போட்டுக் குடிக்கப்போறேன்" என்றான் அஸ்ஸான். "முதல்ல மூக்கை நேராப் பிடி" என்றார் ஷம்ஸா.

புறப்படும்போது காற்று கொழுத்திருந்தது. இரண்டாவது சுற்றில் இளைத்துவிட்டது. ஷம்ஸா அந்தக் கடைசிக் காற்றைச் சேர்த்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, தண்ணீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் சத்தமில்லாமல் வந்தார். முடிவுக் கோடு எதிரே. ஹுமைத் மாமா ஊதுகுழலை வாயில் வைத்துவிட்டார். ஷம்ஸா வழக்கம்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் அஸ்ஸான் பறந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இரட்டையர். வெகு தூரத்தில், பக்கீத்தின் பாய் நிமிர்ந்து நின்றது. படகு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

இப்போது கோட்டைத் தாண்டினால் கோப்பை. தாண்டிய நொடியில் ஹுமைத் மாமாவின் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். பக்கீத் மிதந்து வருவதற்குக் கால் மணி நேரம் எந்த மூலைக்கு? தாண்டாமல் நின்றால் அவனுக்குப் பாங்குவரை நேரமிருக்கிறது.

ஷம்ஸா பாயின் கயிற்றை விட்டார். கோலா ஒரு பெருமூச்சு விட்டுத் தண்ணீரில் இறங்கியது.

பறப்பதைவிட நிற்பது கஷ்டம் அந்தப் படகில். ஓடாத சைக்கிளில் உட்கார்ந்திருப்பது மாதிரி. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உடம்பைக் கொடுத்துக் கொடுத்துத்தான் கவிழாமல் வைத்திருக்க முடியும். ஒலிபெருக்கி அலறியது: "என்னம்மா ஷம்ஸா, கோடு எங்க இருக்குன்னு மறந்துபோச்சா?"

"தெரியுது மாமா! கடல் நல்லா இருக்கு, பார்த்துக்கிட்டு இருக்கேன்!"

அஸ்ஸான் சீறிக்கொண்டு வந்தான். "மதினி! கயிறு அறுந்துபோச்சா?"

"ஒண்ணும் அறுந்துபோகல. நின்னுட்டேன்."

"நின்னுட்டீங்களா? கோடு மூக்குக்கு நேரா இருக்கு!"

"பின்னால பாரு. பக்கீத் உக்காந்துட்டான். நம்மள்ல யாரு தாண்டினாலும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும்."

"அதுக்கு நான் என்ன பண்ண? சந்தையில நான் எப்படித் தலைகாட்டுறது?"

"யாரு தடுத்தா? தாண்டு. கோப்பை உனக்குத்தான். அடுத்த வருஷம் அந்தக் கோப்பையைக் கொட்டகையில வச்சுக்கிட்டு நீ ஒத்தையில பந்தயம் விடு. கொட்டகை இருந்தா."

அஸ்ஸான் படகின் மூக்கைத் திருப்பினான். கோட்டுக்கு இணையாக ஒரு ஓட்டம் ஓடினான். கோட்டிலிருந்து ஒரு பாய் அகலம்தான் தள்ளி. திரும்பி மறுபடி ஓடினான். ஹுமைத் மாமா ஊதுகுழலை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மூன்றாவது தடவை திரும்பும்போது, வாயில் வந்த எல்லா வசவையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பாயை விட்டான். அவன் கோலாவும் மதினியின் கோலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இரட்டையர் மிதந்துகொண்டே வந்து சேர்ந்தார்கள். "என்னக்கா, தொழுகைக்கு வரிசை நிக்கிறீங்களா?" என்றாள் ரய்யா. விஷயம் தெரிந்ததும் அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நான்கு கோலாக்கள், முடிவுக் கோட்டின் வாசலில், உள்ளே போகாமல் தள்ளாடிக்கொண்டு நின்றன. சூரியன் மலையின் தோளில் கன்னத்தை வைத்துவிட்டது.

பக்கீத் பாடிக்கொண்டே வந்தான். பிள்ளைகளை ஏற்றிவரும்போது பஸ்ஸில் பாடுகிற பாட்டு. குரல் மட்டும் வந்தது, படகு வரவில்லை. மிதக்கும் வேகத்தில் பாங்குக்கு முன் வந்து சேர மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஷம்ஸாவின் கட்டைவிரல் படகின் ஓரத்தை இங்கும் அங்குமாகத் தடவிக்கொண்டிருந்தது, பிசிறே இல்லாத ஓரத்தை.

"அவன் வர்ற பாதையே தப்பு" என்றான் அஸ்ஸான், தனக்குத்தானே சொல்வது போல.

ஷம்ஸா அவனைப் பார்த்தார். இரண்டு வருடம் கேட்ட கேள்வி நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. மறுபடி சூரியனைப் பார்த்தார்.

அஸ்ஸானும் சூரியனைப் பார்த்தான். பிறகு பாய்மரத்தைப் பிடித்து எழும்பி, சந்தையில் மீன் ஏலம் கூவும் குரலில் கத்தினான்:

"ஏய் பக்கீத்! டேய் பஸ்ஸு! பாட்டை நிறுத்துடா! இடது பக்கம் வா! இன்னும் இடது! பள்ளிவாசல் மினாராவும் பின்னால இருக்கற தண்ணித் தொட்டியும் ஒண்ணா சேர்ற வரைக்கும் வா!"

"அங்க காத்தே இல்லையே அண்ணே!"

"காத்து இருக்காதுடா மடையா, தண்ணி இருக்கும்! வத்துற தண்ணி கறுப்பா வெளிய ஓடும் பாரு, காத்துக்கு எதிர! அதுல ஏறி உக்காரு! அதுவே உன்னைக் காத்துக்குள்ள இழுத்துட்டுப் போகும்!"

அவ்வளவுதான் ரகசியம். காயலின் தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த ஒரு வாய்க்கால் மட்டும் கடலை நோக்கி வேகமாக ஓடும். காற்றோ கடலிலிருந்து வரும். நின்றுகொண்டிருப்பவனுக்கு இல்லாத காற்று, எதிரே ஓடுகிறவனுக்கு முகத்தில் அடிக்கும் அல்லவா? அந்தத் தண்ணீரில் ஏறினால் மெலிந்த காற்றும் கொழுத்துவிடும். சிறு வயதில் வலையை அடித்துக்கொண்டு போன அந்த வாய்க்காலை அஸ்ஸான் மறக்கவில்லை. மற்றவர்கள் காற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் தண்ணீரைத் தேடிப் போயிருக்கிறான்.

ஹுமைத் மாமா ஒலிபெருக்கியை உயர்த்தினார். கரையிலிருந்து யோசனை சொன்னால் குற்றம் என்பது விதி. ஆனால் ஓட்டத்தில் இருக்கும் ஒருவன் இன்னொருவனை மடையா என்று திட்டக் கூடாது என்று அவர் குடித்த விதியில் எங்கும் இல்லை. ஒலிபெருக்கியை மடியில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மினாராவும் தொட்டியும் ஒன்றாயின. பக்கீத்தின் பாய் ஒருமுறை படபடத்து விறைத்தது. "இழுடா! இப்ப இழு! மறுபடி இழு!" அந்தக் கனத்த உடம்பு ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு, பாயைத் தன் நெஞ்சுக்கு இழுத்தது. கோலாவின் மூக்கு நிமிர்ந்தது. உடல் தண்ணீரை விட்டது. திமிங்கலம் எகிறியது.

எகிறியது சரி. நிறுத்துவது எப்படி என்று பக்கீத்துக்கு யாரும் அதுவரை சொல்லிக்கொடுக்க நேரவில்லை, ஏனென்றால் அவன் அந்த வேகத்தில் இதற்கு முன் வந்ததில்லை. "வழி விடுங்க! வழி விடுங்க! பிரேக் இல்ல!" என்று அலறிக்கொண்டு வரிசைக்கு நடுவே புகுந்தான். ரீம் ஒரு பக்கம் கவிழ்ந்தாள். அஸ்ஸான் மறுபக்கம் சாய்ந்து தப்பித்தான். பக்கீத் கோட்டைத் தாண்டி, அப்படியே மீன் படகுகளை நோக்கிப் போய், அங்கே மூக்குக் குத்தி விழுந்தான். ஊதுகுழல் முழங்கியது.

"போ, போ, போ!" என்றார் ஷம்ஸா. நின்றுபோன படகுகளுக்குக் காற்று இல்லை. ரய்யா ஊர்ந்து தாண்டினாள். ரீம் படகை நிமிர்த்தி ஏறி, தண்ணீர் சொட்டச் சொட்டத் தாண்டினாள். அஸ்ஸான் கோட்டருகில் திரும்பி மதினியைப் பார்த்தான். "முன்னால போங்க."

"நீ போடா. கடைசி ஆளைத் தள்ளிவிட்டுட்டு வரணும் இல்ல?"

"கடைசி ஆளே நீங்கதான்!"

அவன் தாண்டினான். அதற்குள் வற்றும் தண்ணீர் ஷம்ஸாவைக் கோட்டிலிருந்து மெல்லப் பின்னுக்கு இழுத்திருந்தது. பாயை உடம்போடு அணைத்து, இருக்கும் ஒரு மூச்சுக் காற்றைப் பிடித்து, கழுத்து நரம்பு தெரிய முன்னால் குனிந்து நகர்ந்தார். பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைப் போடும் கரகரப்பு கேட்டது. பாங்கு சொல்லும் மோதினார் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கும் முதல் சொல்லுக்கும் நடுவே, கோலாவின் மீசை கோட்டைத் தடவியது. ஊதுகுழல் ஐந்தாவது முறையாக முழங்கியது. பாங்கு எழுந்தது. கொடி இறங்கியது.

தொழுதுவிட்டு வந்து பாயை விரித்தார்கள். ஐந்தும் முடித்ததால் கொட்டகை கோலாக்களுக்கு, மதினியை முந்தியதால் கோப்பை அஸ்ஸானுக்கு. சட்டப்படி நடுவில் பக்கீத் உட்கார வேண்டும். உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தான். பிடித்து உட்கார வைத்தார்கள். ஷம்ஸா கஹ்வா ஊற்றினார்.

"சொல்லு தம்பி. எப்படி ஜெயிச்ச?"

"அக்கா, வல்லாஹி எனக்கு ஒண்ணும் தெரியாது. திட்டினாங்க, பறந்தேன். பறந்தேன், விழுந்தேன்." ஒரு மிடறு குடித்துவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, அஸ்ஸானிடம் நீட்டினான். "என் பேச்சு இவர்கிட்டதான் இருக்கு. இவரைக் கேளுங்க."

அஸ்ஸான் வாங்கினான். கிண்ணம் காலி. எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். அந்தக் கை ஆடும் என்றுதான் இரண்டு வருடப் பழக்கம் சொன்னது.

கை ஆடவில்லை. கிண்ணத்தை மதினியிடம் நீட்டினான்.

ஷம்ஸா அதை வாங்கி, விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை மெதுவாக ஒரு முழுச் சுற்று ஓட்டினார். பிறகு ஊற்றினார், தளும்பத் தளும்ப.